எண்ணெய்க் கிடங்கும் ஊருணித் தண்ணீரும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் பிரயாணம் செய்யும் நேயர்கள், நகரத்தை விட்டு வெளியே வந்த சிறிது நேரத்துக்கெல்லாம் ஆகாய விமான நிலையத்தின் பக்கமாகக் கடந்து வந்திருப்பார்கள். அங்கே விமானம் ஓடி எழும்பும் பாதை 7,500 அடி நீளம். அதை 12,500 அடியாக நீட்ட வேண்டும் என்பது சர்க்காரின் திட்டம். தெற்கே, தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்தில் 2025 ஜூலை மாதம் புதிய நிலையக் கட்டடம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு விமான நிலையங்கள் வளர்ந்து வர, இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் நடுவே நமது அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறது. நாம் வானத்தைப் பார்ப்பது விமானத்துக்காக அன்று, மழைக்காக என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விமானங்கள் பெருகுவதில் நமக்கு யாதொரு வருத்தமும் இல்லை. அக்கரைச் சீமையில் உழைக்கும் பிள்ளைகள் சென்னையில் இறங்கி இரவெல்லாம் ரெயிலில் அலையாமல் மதுரையிலேயே வந்து இறங்கினால் பெற்றவர்களுக்குச் சந்தோஷந்தான். ஆனால் பாதை நீண்டால் பெரிய விமானங்கள் வரும். பெரிய விமானத்துக்கு வயிறும் பெரிது. உள்நாட்டில் பறக்கும் நடுத்தர விமானம் ஒன்று சுமார் 25,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும். நெடுந்தூரம் கடல் கடந்து போகும் போயிங் 777 வகையில் பெரியதோ 1,80,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். இப்படிப்பட்ட விமானங்கள் பல வந்து போகும் இடத்தில், அன்றன்றைக்கு லாரியில் கொண்டு வந்து ஊற்றிக் கட்டாது. எங்கேயாவது பெரிய தொட்டிகளைக் கட்டிச் சேமித்து வைத்துத்தான் ஆக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

நம் சீமையில்தான் அது வரப்போகிறது என்று ஜோசியம் சொல்ல நாம் முற்படவில்லை. ஆனால் நிலம் தேடுகிறவர்களின் கண்ணுக்கு நம் ஊர் எப்படித் தோன்றுகிறது என்பது நமக்குத் தெரியும். பக்கத்துத் தாலுகாவான கமுதியில் 2016-ஆம் ஆண்டில் 2,500 ஏக்கர் விஸ்தீரணத்தில் 648 மெகாவாட் சூரிய மின்சார நிலையம் எழுந்தது. வெயில் ஒன்றுதான் நம்மிடம் வஞ்சகமில்லாமல் கிடைப்பது. அதையும் விலைக்கு வாங்க ஆள் வந்தாயிற்று. சூரியத் தகட்டிலிருந்து ஒன்றும் சிந்துவதில்லை. நாளைக்கு வேறொருவர், சிந்தக்கூடிய சரக்கோடு, அதே காரணத்துக்காக அதே மாதிரி நிலத்தைத் தேடி வரலாம். நிலம் மலிவு, ஜனம் குறைவு, பட்டா ஏட்டில் 'தரிசு' என்று எழுதியிருக்கிறது. போதாதா?

இந்தத் 'தரிசு' என்னும் சொல் பொல்லாதது. ஏட்டில் தரிசாக இருக்கும் நிலத்தில்தான் ஆட்டுக் கிடைகள் மேய்கின்றன. சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் வயிறு வளர்க்கின்றன. அதைவிட முக்கியமான விஷயம், ஐப்பசியில் நாலு நாள் மழை பெய்தால் அந்தத் தரிசின் மேல் விழும் தண்ணீர்தான் வரத்துக்கால் வழியாக ஓடிக் கண்மாயில் சேருகிறது. கண்மாய் நிறைந்தால் கலுங்கு பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. சித்திரை மாதத்தில் வந்து பார்க்கும் உத்தியோகஸ்தருக்கு வரத்துக்கால் என்பது வெறும் முள் அடைந்த பள்ளம். கார்த்திகையில் அது ஓர் ஊரின் உயிர்நாடி.

இனி எண்ணெயைப் பற்றிச் சிறிது சொல்லுவோம். விமானங்களில் ஊற்றும் எண்ணெய் பெட்ரோல் அன்று. நம் பாட்டிமார் விளக்கில் ஊற்றிய சீமெண்ணெயின் உடன்பிறப்பு. நன்றாகச் சுத்தி செய்யப்பட்ட மண்ணெண்ணெய் என்றே சொல்லலாம். நெருப்பைக் காட்டினால் ஆவி பற்றிக்கொள்வதற்கு வேண்டிய குறைந்தபட்ச உஷ்ணம் 38 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது இதற்கு விதித்த தரம். ஆகவே பெட்ரோலியப் பொருள்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் நம் தேசத்துச் சட்டத்தில் இது நடு வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. பெட்ரோலைப் போல உடனே சீறி எழும் குணம் இதற்கு இல்லை என்பது வாஸ்தவந்தான். குளிர் தேசத்தில் 38 டிகிரி என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். அருப்புக்கோட்டையில் அக்கினி நட்சத்திரத்தின்போது நிழலிலேயே அந்த உஷ்ணம் வந்துவிடுகிறதே! வெயிலில் நிற்கும் இரும்புத் தொட்டியைப் பற்றிக் கேட்பானேன்?

எனினும் நெருப்பைவிட நாம் அதிகம் அஞ்ச வேண்டியது கசிவையே. நெருப்பு எல்லோருக்கும் தெரியும்படி எரியும். கசிவு, வருஷக் கணக்கில் ஒருவருக்கும் தெரியாமல் கீழே இறங்கும்.

இப்படிப்பட்ட பெருந்தொழில்களைக் கட்டுவதற்கு முன்னால், அதனால் காற்றுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் மனிதருக்கும் என்ன நேரும் என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். இதைச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு என்கிறார்கள். பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் எளிது. நம் தேசத்தில் 1994 ஜனவரியில் வந்த அறிவிக்கை முதலில் இதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக 2006 செப்டம்பர் 14-இல் வந்த அறிவிக்கையின் பட்டியலில் விமான நிலையங்களும், அபாயகரமான ரஸாயனங்களைச் சேமிக்கும் கிடங்குகளும் தனித்தனியே இடம் பெற்றிருக்கின்றன.

நாம் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஆகையால், இந்த முறையைப் பரீட்சையாகப் பார்த்தால்தான் நமக்கு விளங்குகிறது. கிடங்கு கட்டப் போகிறவர் விண்ணப்பம் போடுகிறார். நிபுணர் குழு ஒன்று, "இன்னின்ன விஷயங்களை ஆராய்ந்து எழுது" என்று வரம்பு வகுத்துக் கொடுக்கிறது. இது கேள்வித்தாள். பிறகு ஆய்வு செய்யும் நிபுணர் விடை எழுதுகிறார். அவரை நியமித்து ஊதியம் கொடுக்கிறவர் கிடங்கு கட்டப் போகிறவரே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். (எந்த மாணாக்கனாவது தன் தகப்பனார் செலவில் விடை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று நம்மைக் கேட்டால் நாம் என்ன சொல்லுவோம்?) அந்த விடையை ஜனங்கள் முன் வைத்து, கலெக்டர் அல்லது அவருக்கு அடுத்தபடியான உத்தியோகஸ்தர் தலைமையில் கருத்துக் கேட்கிறார்கள். கடைசியில் நிபுணர் குழு மார்க்குப் போடுகிறது.

இதில் எல்லோரும் விடைத்தாளைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். நம் அபிப்பிராயத்தில் சண்டை போட வேண்டிய இடம் கேள்வித்தாள். கேட்காத கேள்விக்கு எவரும் விடை எழுத மாட்டார்கள்; எழுதாததற்கு மார்க்குக் குறைக்கவும் முடியாது. கேட்ட கேள்வி ஒன்றுக்கு விடை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங்கில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. விமான எண்ணெய்க் கிடங்கைப் பற்றியதே அது. ஆகையால் சற்று விவரமாகச் சொல்லுகிறோம்.

ஹாங்காங் விமான நிலையத்துக்கென்று டுயன் முன் என்னும் கடற்கரைப் பகுதியில் நிரந்தரமான எண்ணெய்க் கிடங்கு கட்டத் தீர்மானித்தார்கள். பக்கத்து மனையில் ஷியூ விங் என்னும் கம்பெனியின் இரும்பு ஆலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஒரு புறம், பல லட்சம் லிட்டர் எண்ணெய் மறுபுறம். ஆய்வு அறிக்கை தயாராயிற்று. 2002-இல் சுற்றுச்சூழல் இலாகாவின் தலைவர் அதை ஒப்புக்கொண்டு அனுமதியும் தந்தார். ஆலைக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஒரு தொட்டி திடீரென்று பிளந்து, அதிலுள்ள எண்ணெய் முழுவதும் ஒரே கணத்தில் வெளியே பாய்ந்தால், எத்தனை பேர் சாவார்கள்? அந்தக் கணக்கு அறிக்கையில் எங்கே?" கணக்கு இல்லை. கீழ்க் கோர்ட்டுகளில் ஆலைக்காரர்களுக்குத் தோல்வியே கிடைத்தது. 2006 ஜூலையில் ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. ஆய்வுக்கு வகுத்த வரம்பு அந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறது. அறிக்கை அதைத் தரவில்லை. ஆகவே அனுமதி செல்லாது என்பது தீர்ப்பின் சாரம்.

தொட்டி ஒரே கணத்தில் பிளப்பதாவது, வீண் பயம் என்று நினைக்கலாம். 1988 ஜனவரி 2-ஆம் தேதி அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து ஃப்ளோரெஃப் என்னும் ஊரில் அது நடந்தேயிருக்கிறது. வேறோர் ஊரிலிருந்து பிரித்துக் கொண்டு வந்து பூட்டிய பழைய தொட்டி. முழு உயரத்துக்கும் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கவில்லை. டீசலை நிரப்பும்போது பிளந்துவிட்டது. சுமார் 1 கோடியே 40 லட்சம் லிட்டர் எண்ணெய் அலையாக எழுந்து, தடுப்புச் சுவரையும் தாண்டிக் குதித்தது. ஒரு பகுதி பக்கத்து ஆற்றில் கலந்து, ஆற்றோரத்து நகரங்களின் குடிதண்ணீரைக் கெடுத்தது. தடுப்புச் சுவர் என்பது தேங்கி நிற்கும் எண்ணெயைத் தடுக்கும். பாய்ந்து வரும் எண்ணெயைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆலைக்காரர்கள் கேட்டது இதைத்தான்.

ஹாங்காங் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. அந்தக் கணக்கைச் சேர்த்து மறுபடியும் ஆய்வு செய்தார்கள். மறுபடியும் அனுமதி வாங்கினார்கள். கிடங்கு கட்டப்பட்டு 2010-இல் வேலை செய்யத் தொடங்கிற்று. கேள்வி கேட்டால் அபிவிருத்தி கெட்டுப் போகும் என்று பயமுறுத்துகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

நமது சீமைக்கு ஒரு கேள்வித்தாள் தயாரிக்க நேர்ந்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

முதலாவது காலத்தைப் பற்றியது. அறிக்கைக்கு வேண்டிய அளவுகளை வழக்கமாக மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத்தில் எடுக்கிறார்கள். காற்றின் தூசியை அளப்பதற்கு இது சரியாக இருக்கலாம். நமது தண்ணீரை அளப்பதற்கு இதைவிடத் தவறான காலம் கிடையாது. மாசியிலிருந்து வைகாசி வரையில் வந்து அளந்தால், "ஓடை இல்லை, நீர்நிலைகள் வறண்டவை" என்று மனச்சாட்சிக்கு விரோதமில்லாமலே எழுதிவிடலாம். எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு வந்து விருந்து நடக்கவில்லை என்று சொல்லுகிறார். ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரையில் அளவெடுத்தே தீர வேண்டும் என்று கேள்வித்தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது வட்டத்தைப் பற்றியது. திட்டமிட்ட இடத்தை மையமாக வைத்துப் பத்துக் கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்து அதற்குள் ஆராய்வது வழக்கம். வட்டம் வரைய நம் மாணாக்கர்களுக்கும் தெரியும். தண்ணீருக்குத்தான் தெரியாது. குண்டாறு திருச்சுழியை ஒட்டி ஓடிக் கமுதிக்குப் போகிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வரும் கிருதுமால் நதி நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்களுக்கு நீர் கொணர்கிறது. மேலே ஒரு கண்மாயின் வரத்துக்காலில் எண்ணெய் கலந்தால் அது கலுங்கு வழியாகக் கீழேயுள்ள கண்மாய்களுக்கு வரிசையாகப் போகும். பத்தாவது கிலோமீட்டரில் வந்து நின்று அனுமதி கேட்காது. ஆய்வின் எல்லை, கண்மாய்ச் சங்கிலியின் எல்லையாக இருக்க வேண்டும்.

மண்ணைப் பற்றியும் கேட்க வேண்டும். கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களைக் கேட்டால் அதன் குணத்தைச் சொல்லுவார்கள். மழையில் வீங்கும், வெயிலில் சுருங்கும்; சுவரில் விழும் வெடிப்பைப் பூசிப் பூசி அலுத்துப் போவோம். பல லட்சம் லிட்டர் எண்ணெயைச் சுமக்கும் தொட்டியை அதன் மேல் வைத்தால், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் அடித்தகடு என்னவாகும்? கரிசலை வெட்டி எடுத்துவிட்டு வேறு மண் நிரப்பியோ, ஆழத் தூண் இறக்கியோ அஸ்திவாரம் போட எஞ்ஜினீயர்களுக்குத் தெரியும். அதைச் செய்யப் போகிறார்களா என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். "கரிசல் களிமண் ஆனபடியால் எண்ணெய் கீழே இறங்காது" என்றும் ஒருவர் வாதிக்கக்கூடும். நனைந்திருக்கும்போது அது உண்மை. கோடையில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, மேலே சிந்தியது வெடிப்பு வழியாக நேரே அடியில் போய்ச் சேரும். மண்ணின் புத்தகக் குணம் வேறு, பங்குனி மாதத்துக் குணம் வேறு.

அடியில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் உவர்த் தண்ணீர். அதனால்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டிக் காவல் வைத்தார்கள் நம் முன்னோர். குழாய் வழியாகத் தொலைவிலிருந்து ஆற்று நீர் வருகிற இந்தக் காலத்திலும், அது வராத நாளில் குடங்கள் போய் நிற்பது ஊருணியிலும் நல்ல தண்ணீர்க் கிணற்றிலுந்தான். பத்துக் கிணறு நல்ல தண்ணீராக உள்ள ஊரில் ஒன்று கெட்டால் அது சேதம். ஒரே கிணறு உள்ள ஊரில் அது கெட்டால் ஊரே காலி.

இதில் மிகைப்படுத்தல் ஒன்றும் இல்லை. ஹவாய்த் தீவில் ஹானலூலு நகரத்தை அடுத்த ரெட் ஹில் என்னும் குன்றுக்குள்ளே, இரண்டாவது உலக யுத்த காலத்தில் அமெரிக்கக் கடற்படை இருபது எண்ணெய்த் தொட்டிகளைக் குடைந்து அமைத்தது. ஒவ்வொன்றும் சுமார் 4 கோடியே 70 லட்சம் லிட்டர் கொள்ளும். அவற்றின் அடிப்பாகத்துக்கும் நிலத்தடி நல்ல தண்ணீருக்கும் இடையே இருந்த தூரம் ஏறத்தாழ நூறு அடிதான். 2021 நவம்பரில் விமான எண்ணெய் கசிந்து, சுமார் 93,000 பேருக்குக் குடிதண்ணீர் கொடுத்த குழாய்களில் கலந்தது. குழாயைத் திறந்தால் எண்ணெய் வாசனை. குழந்தைகளுக்கு வாந்தியும் தோல் தடிப்பும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறித் தங்க நேர்ந்தது. 2022 மார்ச்சில் அந்தக் கிடங்கையே மூடுவதென்று தீர்மானித்தார்கள். உலகத்திலேயே பணபலம் மிகுந்த கடற்படை அது. அவர்களிடம் கசிவு அறியும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் 2013-இல் துறைமுகத்திலிருந்து வரும் எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. அதற்கு முன் அந்தக் குழாய்க்கு மேலே நடந்து போனவர்களில் எத்தனை பேருக்குக் கீழே அது இருப்பது தெரிந்திருக்கும்?

மழையைப் பற்றிய கேள்வி ஒன்று மீதம் இருக்கிறது. வறண்ட சீமைக்கு வெள்ள பயம் எதற்கு என்று கேட்பவர்கள் 2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டார்கள். அண்டை ஜில்லாவான தூத்துக்குடியில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நமக்கு வருஷம் முழுவதும் பெய்வது சராசரியாகச் சுமார் 80 சென்டிமீட்டர். தொட்டியைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவருக்குள் இப்படி ஒரு நாள் மழை நிரம்பிவிட்டால், எண்ணெய் சிந்தும்போது அது எங்கே தங்கும்? எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும் சரக்காயிற்றே! அதே மாதத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததையும், அங்கே செம்படவர்களின் படகும் வலையும் கறுத்துப் போனதையும் நாம் படங்களில் பார்த்தோம். மழைநீரை வெளியேற்றச் சுவரில் ஒரு வடிகால் வைத்து, அதற்கு அடைப்பும் வைப்பார்கள். 2009 அக்டோபர் 29-ஆம் தேதி ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் கசிந்து தீப்பிடித்து 11 பேர் மாண்ட விபத்தில், அந்த அடைப்பு மூடப்படாமல் இருந்ததும் ஒரு குறையாகக் காணப்பட்டது. ஆகையால் "வடிகால் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இரவு இரண்டு மணிக்கு மழை பெய்தால் அதை மூடுகிறவர் யார்?" என்றும் கேட்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்பதற்கு ஜனங்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் முப்பது நாள். அறிக்கை இங்கிலீஷில் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். சுருக்கம் மட்டும் தமிழில் கிடைக்கும். 2020-இல் இந்தச் சட்டத்தையே மாற்றுவதற்கு ஒரு நகல் வெளியிட்டபோது, அதை 22 இந்திய பாஷைகளில் மொழிபெயர்த்து வெளியிடும்படி டில்லி ஹைக்கோர்ட்டு உத்தரவிட வேண்டி வந்தது. கேட்டுப் பெறாவிட்டால் தாய்மொழிகூடத் தானாக வருவதில்லை. கூட்டத்துக்குப் போகிறவர்கள் கோபத்தை மட்டும் கொண்டு போனால், "ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரு வரியோடு காரியம் முடிந்துவிடும். கணக்கைக் கொண்டு போனால் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். எந்த வரத்துக்கால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் எத்தனை அடியில் நிற்கிறது என்ற கணக்கு, சம்பளத்துக்கு வரும் நிபுணரிடம் இராது. மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சிக்கும், கிடை போடும் கீதாரிக்கும், தினம் குடம் எடுக்கும் பெண்களுக்கும் அது மனப்பாடம். காகிதத்தில்தான் இல்லை.

நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சென்ற சித்திரையில் இந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தோம். கயிறும் கல்லும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் செலவு. தங்கள் தங்கள் ஊரில் உள்ள கிணறுகளில் நீர் எத்தனை முழத்தில் இருக்கிறது, குடித்தால் உப்பா, சப்பா, இனிப்பா என்று பாட்டிமாரைக் கேட்டு எழுதி வந்தார்கள். ஒரு சிறுமி, தன் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடையைத் தாத்தாவோடு நடந்து போய்ப் பார்த்துப் படம் போட்டிருந்தாள். சர்வே படத்தில் அந்த ஓடை ஓரிடத்தில் அறுந்து போகிறது. அவள் படத்தில் அறவில்லை. மார்கழிப் பரீட்சை முடிந்ததும் அதே கிணறுகளை இரண்டாந்தடவை அளக்கப் போகிறார்கள்.